கோட்டையைப் பிடித்த பிறகு என்ன? டேபிள்டாப் ஆட்டங்களில் நிலமும் அதிகாரமும்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடும் குழுக்களில் இது அடிக்கடி நடக்கும். கொள்ளையர்கள் பதுங்கியிருந்த பழைய கோட்டையைப் பிடித்தாகிவிட்டது. தலைவனை வீழ்த்தி, பெட்டிகளை உடைத்து, தங்கத்தை எண்ணிப் பங்கு போட்டாயிற்று. கேம் மாஸ்டர் அடுத்த ஊரின் வரைபடத்தை எடுத்து விரிக்கப் போகிறார். அப்போது ஒரு பிளேயர் கேட்பார்: "எதுக்குக் கிளம்பணும்? கோட்டை நல்லாத்தானே இருக்கு. நாமளே வெச்சுக்கலாமே!"

கேம் மாஸ்டர் சரி என்று சொன்னால், அந்த நிமிஷத்திலிருந்து ஆட்டத்தின் போக்கே மாறிவிடும்.

இந்த ஆட்டங்கள் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் இருக்கும் மற்ற எல்லோரையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை முடிவு செய்யும். வழக்கமான ஆட்டத்தில் இந்தக் கதாபாத்திரங்கள் ஊர் சுற்றிகள். குகைக்குள் போவார்கள், சண்டை போடுவார்கள், புதையலோடு வெளியே வருவார்கள், அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார்கள். அவர்களே ஓரிடத்தில் தங்கி, நிலம் பிடித்து, வரி வாங்கி, படை வைத்து, பக்கத்து அரசர்களோடு பேசவும் மோதவும் ஆரம்பித்தால் அதற்கு 'டொமைன் பிளே' என்று பெயர். தமிழில் சொன்னால் குறுநில மன்னர் ஆட்டம்.

பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்த கூடுதல் அம்சம் இது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த விளையாட்டு பிறந்ததே அங்கேதான். 1969-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் – செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு போர் விளையாட்டை நடத்தினார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊர் ஒன்று. படைகளை நகர்த்துவது மட்டும் இல்லாமல், ஊருக்குள் இருக்கும் தனித்தனி ஆட்களாகவும் நண்பர்களை ஆடவைத்தார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன், அடுத்த சில வருடங்களில் 'பிளாக்மூர்' என்ற தன் சொந்த உலகத்தைத் தொடங்கினார். பிளாக்மூரில் ஆட்டக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே காப்பாற்ற வேண்டிய கோட்டையும் நிலமும் இருந்தன. கோட்டைக்கு அடியில் ஆர்னசன் ஒரு டன்ஜனையும் (அரக்கர்களும் புதையலும் நிறைந்த நிலத்தடி அறைகள்) வைத்தார். புதையல் ஆசையில் எல்லோரும் அதற்குள்ளேயே கிடந்தார்கள். மேலே எதிரி வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டக்காரர்கள் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த ரோல்பிளேயிங் வரலாற்றுச் சம்பவம் இதுதான். டன்ஜனா, நிலமா என்ற இழுபறி முதல் குழுவிலேயே தொடங்கிவிட்டது பாருங்கள்.

ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தை வெளியிட்டபோது, உயர்ந்த லெவலுக்கு வந்த போர்வீரர் கோட்டை கட்டிக் குறுநில மன்னராகலாம் என்று விதியே இருந்தது. குடிமக்கள் ஒருவருக்கு வருடத்துக்கு 10 தங்கக் காசு வரி. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், 9-ஆம் லெவல் போர்வீரர் தன் நிலத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் மாதம் 7 வெள்ளிக் காசு பெறலாம். 1981-ல் அதே ஆட்டத்துக்கு வந்த எக்ஸ்பர்ட் தொகுப்பில் எல்லா வகைக் கதாபாத்திரங்களுக்கும் இந்த வழி இருந்தது. மந்திரவாதி 11-ஆம் லெவலில் கோபுரம் கட்டலாம். திருடன் மறைவிடம் அமைத்தால் தொழில் கற்றுக்கொள்ளச் சிஷ்யர்கள் தேடி வருவார்கள். கோட்டைக்கு விலைப்பட்டியலே உண்டு: நடுக்கோட்டைக்கு 75,000 தங்கக் காசு, 100 அடி மதிலுக்கு 5,000. 500 காசு மதிப்புள்ள வேலைக்கு ஒருநாள் என்பது கணக்கு. அதாவது, நடுக்கோட்டை மட்டும் எழும்பவே 150 நாள் ஆகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 300 பேர் வாழும் நிலம் உங்களுக்குக் கிடைக்கிறது. 1978 விதிப்படி மாதம் 2,100 வெள்ளி. அந்த விதியில் 20 வெள்ளி ஒரு தங்கம். ஆக, மாதம் 105 தங்கம். 75,000 போட்டுக் கட்டிய கோட்டைக்கு இந்த வருமானத்தை வைத்து முதலை எடுக்க ஏறக்குறைய 60 வருடம் ஆகும். (இரண்டும் வெவ்வேறு விதிநூல்கள்தான், தோராயமாகப் பொருத்திப் பார்க்கிறேன்.) இன்னொரு பக்கம், அதே 1978 விதியில் போர்வீரர் 9-ஆம் லெவலைத் தொட 2,50,001 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அந்தக் காலத்தில் மீட்டுக் கொண்டுவந்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி என்பதால், அவர் ஏற்கெனவே பெரும் புதையலைக் கையாண்டவர். மாதம் 105 காசு அவருக்குப் பாக்கெட் மணி.

முதலீடாகப் பார்த்தால் நிலம் படுமோசம். அப்படியிருந்தும் அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

நிலத்தோடு மனிதர்கள் வருகிறார்கள் என்பதுதான் காரணம். ஊர்சுற்றிக் குழுவுக்கு ஒரு ஊரில் பிரச்சினை என்றால், பிடித்தால் தீர்த்து வைக்கலாம், பிடிக்காவிட்டால் குதிரையில் ஏறிப் போய்விடலாம். நிலம் உள்ளவர் எங்கே போவார்? வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை "இந்த அரக்கனைக் கொல்ல முடியுமா?" என்று போய்க்கொண்டிருந்த ஆட்டம், "இதை யாருக்காகச் செய்கிறோம், இதனால் யார் நம்மேல் கோபப்படுவார்கள்?" என்று திரும்பும். இருபது முகப் பகடையில் 20 விழுந்தாலும் தீராத கேள்விகள் இவை.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நம் குழுவில் மூன்று பேர்: ஒரு போர்வீரர், ஒரு பூசாரி, ஒரு திருடி. கொள்ளையர் கோட்டையை வைத்துக்கொண்டார்கள். கோட்டைக்குக் கீழே ஆறு, ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். கொள்ளையர்கள் பாலத்தைக் கடக்கும் வண்டிகளிடம் காசு பறித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஊர்த்தலைவர் வந்து நிற்கிறார். கேம் மாஸ்டர் அவர் குரலில் பேசுகிறார்:

"வண்டிக்கு ரெண்டு வெள்ளி வாங்கிட்டிருந்தானுங்க ஐயா. நீங்களும் அதைத்தான் வாங்குவீங்களா?"

போர்வீரராக ஆடுபவர் யோசிக்காமல், "இனிமே யாரும் எதுவும் தர வேண்டாம்" என்கிறார். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்குகிற ஆசை யாருக்குத்தான் இல்லை!

"ரொம்ப சந்தோஷம் ஐயா. ஆனா பாலத்துல ரெண்டு தூண் உளுத்துப்போச்சு. அதை மாத்துற செலவு யாரு பொறுப்பு?"

மேசையில் கொஞ்சம் அமைதி. சரி, ஒரு வெள்ளி வாங்கலாம் என்கிறார் திருடி. பாலத்தைக் கடந்துதான் யாத்திரிகர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், அவர்களிடம் வாங்கினால் என் கோயில் சும்மா இருக்காது என்கிறார் பூசாரி. இதைப் பேசி முடிப்பதற்குள் மேற்கே இருக்கும் பிரபுவிடமிருந்து ஆள் வருகிறான். பழைய உடன்படிக்கைப்படி பாலத்து வருமானத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டுமாம். கொள்ளையர்கள்கூட ஒழுங்காகக் கொடுத்து வந்தார்களாம். ஓஹோ, கொள்ளையர்கள் இவ்வளவு காலம் யார் தயவில் இருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது.

யாரும் கத்தியை உருவவில்லை. ஆனால் இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது, அடுத்த மூன்று மாத ஆட்டத்துக்கு எதிரியும் கிடைத்துவிட்டார். இதற்குத் தேவைப்பட்டது ஒரு பாலம், மூன்று தரப்பு, ஒரே ஒரு எண். விதிநூலில் 40 பக்கம் படிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் விதிகள் எதற்கு? ஆட்சி என்பது ஒரே கட்டி அல்ல, பல துண்டுகள் என்று காட்டுவதற்கு நல்ல விதிகள் உதவும். இதில் நான் முதலில் சிபாரிசு செய்வது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த 'பர்த்ரைட்'. இதில் ஆட்டக்காரர்கள் முதல் நாளே ஆட்சியாளர்கள். தெய்வீக ரத்தம் ஓடும் பரம்பரையில் வந்தவர்கள். ஒவ்வொரு மாகாணத்திலும் அதிகாரம் நான்கு வகை: சட்டம், கோயில், வணிகம், மந்திர ஊற்று. நான்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயருக்கு நீங்கள் அரசர். ஆனால் சந்தை வணிகக் குழுத் தலைவன் கையில், மக்கள் மனசு தலைமைப் பூசாரி கையில். மாகாணம் எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குத்தான் மந்திர ஊற்று தவிர்த்த மற்ற மூன்று வகை அதிகாரமும் வளர முடியும். அதனால் ஒருவர் வளர வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் மாகாணத்தையே வளர்க்க வேண்டும்.

அங்கேதான் அதன் அழகான சிக்கல். மாகாணத்தில் ஜனம் பெருகப் பெருக மந்திர ஊற்று வற்றும். காடு காடாக இருந்தால்தான் மந்திரவாதிக்குப் பலம். அரசராக ஆடுபவர் குடியேற்றம் வேண்டும் என்பார், மந்திரவாதியாக ஆடுபவர் கூடவே கூடாது என்பார். இரண்டு பேரும் நண்பர்கள், இரண்டு பேரும் ஒரே குழு. யாரும் கெட்டவர் இல்லை. அரசியல் என்றால் சதித்திட்டமும் விஷக்கோப்பையும்தான் என்று நினைக்கும் கேம் மாஸ்டர்கள் இந்த ஒரு விதியைப் படித்தாலே போதும்.

2010-ல் பைசோ நிறுவனம் பாத்ஃபைண்டர் என்ற தன் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்காக வெளியிட்ட 'கிங்மேக்கர்' இன்னொரு வழி. ஆறு பாகங்கள். ஆட்டக்காரர்கள் சாதாரண ஆட்களாகத் தொடங்குகிறார்கள். 'ஸ்டோலன் லேண்ட்ஸ்' என்ற கேட்பாரற்ற காட்டுப் பகுதியைச் சுற்றிப் பார்த்துக் கொள்ளையரை ஒழிக்கச் சொல்லி ஒரு பட்டயம் கிடைக்கிறது. வரைபடம் அறுகோணக் கட்டங்களாக இருக்கும், ஒரு கட்டம் 12 மைல். முதல் பாகம் முழுக்கக் கால் தேய நடந்து கண்டுபிடித்த அதே காட்டில், அடுத்த பாகத்தில் ஊர் எழுப்புகிறார்கள். நிலம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து. எந்த ஓடையில் யார் வழுக்கி விழுந்தார்கள் என்பது வரை ஞாபகம் இருக்கும் இடத்தை ஆள்வதும், அரசர் தூக்கிக் கொடுத்த பெயர் தெரியாத ஜமீனை ஆள்வதும் ஒன்றாகுமா?

கிங்மேக்கரின் ஆட்சி விதிகள் மாதக் கணக்கில் ஓடும். பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என்று மூன்று எண்கள். இவை தவிர 'அன்ரெஸ்ட்' என்று மக்களின் கொந்தளிப்பைக் காட்டும் எண் ஒன்று. வரியை ஏற்றினால் பொருளாதாரம் ஏறும், விசுவாசம் இறங்கும். பின்னால் 2013-ல் 'அல்டிமேட் கேம்பெயின்' நூலில் இந்த விதிகள் செப்பனிடப்பட்டன. அதன்படி கொந்தளிப்பு 11-ஐ எட்டினால் நிலம் கட்டம் கட்டமாகக் கைவிட்டுப் போகும். 20-ஐ எட்டினால் நாடே அராஜகம். குழுவில் ஒருவர் மட்டும் அரசராகி மற்றவர்கள் கொட்டாவி விடாமலிருக்க, படைத்தளபதி, பொக்கிஷக்காரர், ஒற்றர் தலைவர், தலைமைப் பூசாரி என்று ஆளுக்கொரு பதவியும் உண்டு. ஒருவர் பதவியில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் ஊர்சுற்றப் போனால் நாட்டுக்குச் சேதம்.

குறையும் இல்லாமல் இல்லை. முதலில் வந்த வடிவத்தில், ஊர்க் கடைகளில் உருவாகும் மந்திரப் பொருட்களை விற்று நாட்டுக் கருவூலத்தை நிரப்பிக்கொள்ள வழி இருந்தது. கணக்கில் கெட்டிக்காரர்களான பிளேயர்கள் கடைகளாகக் கட்டித் தள்ளினார்கள், பணம் கொட்டியது, கவலைப்பட எதுவும் மிச்சமில்லை. நாடு எக்ஸெல் கோப்பாக மாறிவிடும் ஆபத்து இந்த வகை ஆட்டத்தில் எப்போதும் உண்டு. மாதாந்தரக் கணக்கை ஒருவர் மட்டும் ஆர்வமாகப் போட்டுக்கொண்டிருக்க, மற்ற மூன்று பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: எந்த எண் மாறினாலும் அதை ஒரு ஆளாக மாற்றிவிடுவது. "விசுவாசம் இரண்டு குறைந்தது" என்று கேம் மாஸ்டர் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். "உங்களுக்கு எப்போதும் பால் கொண்டுவரும் அம்மா இன்றைக்கு வரவில்லை, அவர் மகனைச் சுங்கச்சாவடியில் உங்கள் காவலர்கள் அடித்துவிட்டார்களாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

காலத்தை எப்படி ஓட்டுவது என்பதும் புதியவர்கள் தடுமாறும் இடம். டன்ஜனில் ஒரு சண்டை ஆட்ட உலகின் நேரப்படி சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கோட்டை கட்ட 150 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் நடத்த முடியாது. கிரெக் ஸ்டாஃபர்ட் 1985-ல் எழுதிய 'பென்ட்ராகன்' இதை அருமையாகத் தீர்த்தது. ஆர்தர் மன்னர் காலத்து நைட்களின் ஆட்டம் அது. பொதுவாக வருடத்துக்கு ஒரு சாகசம். அப்புறம் 'குளிர்காலக் கட்டம்'. அதில் விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா என்று பகடை உருட்டுவார்கள். ஆட்டம் தலைமுறைக் கணக்கில் ஓடும். உங்கள் நைட் கிழவனாகிச் செத்தால் அவர் மகனை எடுத்து ஆடுவீர்கள். அப்போதுதான் நிலம் எதற்கு என்பது உறைக்கும்: வாரிசு இல்லாமல் செத்தால் அத்தனையும் கைமாறிவிடும். கல்யாணப் பேச்சு வார்த்தைக்காக ஆட்டக்காரர்கள் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ளும் ரோல்பிளேயிங் ஆட்டம் வேறு எதையும் நான் அறியேன்.

அதிகாரம் என்றால் வயலும் மதிலும் மட்டும்தான் என்றில்லை. 2017-ல் வந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்'கில் ஆட்டக்காரர்கள் ஒரு நகரத்துத் திருட்டுக் கும்பல். அவர்கள் பிடிப்பது தெருக்களையும் சூதாட்ட விடுதிகளையும். எந்தத் தெருவைப் பிடித்தாலும் அது ஏற்கெனவே இன்னொரு கும்பலுடையது. எனவே வளர்ச்சியும் பகையும் ஒன்றாகவே வரும். கிரெக் ஸ்டோல்ஸியின் 'ரெயின்' (2007) இன்னும் பொதுவாகப் போகிறது: படைபலம், செல்வம், செல்வாக்கு, நிலப்பரப்பு, இறையாண்மை என்ற ஐந்து எண்களில் ஒரு பேரரசையும் எழுதலாம், ஒரு மடத்தையும் எழுதலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பில் 'பாஸ்டியன்' என்ற பெயரில் ஒரு வடிவம் வந்திருக்கிறது. 5-ஆம் லெவலிலிருந்து ஆளுக்கொரு இருப்பிடம். ஆட்ட உலகில் ஏழு நாளுக்கு ஒருமுறை அதற்கு உத்தரவு போடலாம். பட்டறை, நூலகம், தோட்டம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பொழுதுபோக்காக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிமக்களும் வரியும் பக்கத்துப் பிரபுவும் இதன் மையத்தில் இல்லை. என்னைப் பொறுத்தவரை அது வசதியான வீடு. ஆட்சி வேண்டுமென்றால் கேம் மாஸ்டர் வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

உங்கள் குழுவில் இதை முயல்வதாக இருந்தால் முதலில் பிளேயர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஊர்சுற்றவே பிடித்தவர்களின் தலையில் ஜமீனைக் கட்டினால், பிளாக்மூரில் நடந்ததுதான் நடக்கும். எல்லோருக்கும் ஆசை என்றால் 9-ஆம் லெவல்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2-ஆம் லெவலில் ஒரு பாழடைந்த சத்திரத்தையோ படகுத்துறையையோ கொடுங்கள். சின்னதாக இருந்தால் தவறு செய்யவும் தைரியம் வரும். அந்த இடத்துக்கு மேலே கப்பம் கேட்கும் ஒருவர், கீழே பாதுகாப்புக் கேட்கும் சிலர், பக்கத்தில் பொறாமைப்படும் ஒருவர் இருந்தால் போதும். அவர்களுக்குப் பெயர் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

குழு சாகசத்துக்குக் கிளம்பும்போது நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மணியக்காரரை வைத்துவிட்டுப் போகட்டும். இங்கே கேம் மாஸ்டர்களுக்கு ஒரு சபலம் வரும்: அவரைத் துரோகியாக்கிவிடலாமே என்று. வேண்டாம். முதல் மணியக்காரரே துரோகி என்றால், அதற்கப்புறம் பிளேயர்கள் யாரையும் நம்பி நிலத்தை விட்டு நகரமாட்டார்கள், அல்லது நிலமே வேண்டாம் என்று உதறிவிடுவார்கள். அவர் நல்லவராக, நேர்மையானவராக, ஆனால் உங்கள் குழு விரும்பாத ஒரு முடிவைச் சரியான காரணத்துக்காக எடுத்தவராக இருக்கட்டும். உதாரணமாக, குழு ஊரில் இல்லாத நேரத்தில் மேற்கே இருக்கும் அந்தப் பிரபுவின் ஆட்கள் முப்பது பேர் வந்து நின்றதால், பாலத்து வருமானத்தில் பாதியை எண்ணிக் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறார்.